குழியில் கிடந்த திருடன்

அடுப்பு என்னவோ ஜோராகத்தான் எரிந்தது. ஏகாம்பரம் திருகைத் திருப்பித் தீக்குச்சியைக் காட்டியதும் நீல நிறத்தில் வட்டமாகச் சுடர் எழுந்து நின்றது. "எல்லாம் சாணி மேடம்," என்றார் அவர், ஏதோ தாமே போட்டது போன்ற பெருமையுடன்.

கன்னியப்பன் ஸ்டெனோ நோட்டில் மளமளவென்று எழுதினான். அவனுக்குச் சுருக்கெழுத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி ஒரு பக்கம் நிரம்பியதும் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். பக்கத்தில் நின்ற அவன் முதலாளி சுலோச்சனாவுக்கு மதிப்பீட்டு அதிகாரி வேஷம். கதர்ப் புடவை, தோளில் ஜோல்னாப் பை, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் மாடியில் அவள் நடத்தும் துப்பறியும் நிலையத்தை அறிந்தவர்கள் யாராவது அந்தக் கோலத்தைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள். ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் சிரித்துத் தீர்த்துவிட்டதால் கன்னியப்பன் இப்போது அடக்கமாக இருந்தான்.

நெல்வாய்ப்பட்டு, சாலவாக்கம் பஸ் போகும் ரோட்டிலிருந்து வரப்பும் வாய்க்காலுமாக உள்ளே தள்ளி இருக்கும் ஊர். ஊர் மாடுகளின் சாணியெல்லாம் ஒரே பெரிய குழிக்குள் போக வேண்டும், அதிலிருந்து கிளம்பும் வாயு குழாய் வழியாக ஊருக்கும் காலனிக்கும் போய் வீட்டுக்கு வீடு அடுப்பை எரிக்க வேண்டும். இதுதான் திட்டம். பணம் போட்டது சென்னையில் ஓர் அறக்கட்டளை. குழி வெட்டிய நிலம் ஏகாம்பரத்துடையது, கமிட்டித் தலைவரும் அவரே. இங்கே நன்றாக நடந்தால் உத்திரமேரூர் வட்டாரம் முழுக்க இதே மாதிரி கட்டுவதாக இருந்தார்கள். போன மாதம் தில்லியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, படித்தவருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடும் அளவுக்கு இனிப்பாக ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், திருட வந்த ஒருவன் குழிக்குள் விழுந்து இறந்தான் என்றும் திட்டத்துக்கு அதனால் சேதம் ஏதுமில்லை என்றும் ஒரே ஒரு வரி. அறக்கட்டளையில் இருந்த வயதான அம்மாள் ஒருவருக்கு அந்த வரி தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அவர்தான் மூச்சு வாங்க அச்சகத்து மாடியேறி வந்து சுலோச்சனாவை அனுப்பி வைத்தவர்.

அந்தத் திருடனின் பெயர் பெருமாள். இன்று காலை ஊருக்குள் நுழைந்ததும் இருவரும் முதலில் போனது காலனிக்கு, அவன் மனைவி செங்கேணியைப் பார்க்கத்தான்.

செங்கேணி அழவில்லை. அழுது முடித்து அதற்கு அப்பால் போய்விட்ட முகம் அது. தில்லிக் குழு வருவதற்கு முதல் நாள் காலையில், ஏகாம்பரம் வேலைக்குக் கூப்பிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் விடிந்ததும் குழிக்குள்ளிருந்து பிணத்தைத் தூக்கினார்கள். அவன் இடுப்பு வேட்டியில் ஒரு பித்தளை வால்வு செருகியிருந்தது. ராத்திரியில் வால்வைத் திருட வந்தவன் கால் இடறி விழுந்தான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அவனை நான் கூப்பிடவே இல்லை என்றார் ஏகாம்பரம். கூப்பிட்டதைக் காதால் கேட்டவர்கள் காலனியில் இருந்தார்கள்தான். ஆனால் அவர் நிலத்தில் இறங்கினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

"எனக்குத் துட்டு கிட்டு ஒண்ணும் வாணாம்மா," என்றாள் செங்கேணி. "எங்க வூட்டு ஆளு திருடன் இல்லன்னு அந்த ஆண்ட வாயாலியே ஊரு கேக்கணும். எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது. திருடன் பொண்ணுன்னு கூப்புடறாங்களாம்."

ஆண்டே என்பது நிலக்காரரைக் காலனிக்காரர்கள் அழைக்கும் சொல். அந்த வார்த்தையை அவள் சொன்னபோது பல்லுக்கு நடுவில் ஏதோ நெரிந்தது போல் இருந்தது. வேலைக்குப் போகும்போது பெருமாள் கையில் என்ன எடுத்துக்கொண்டு போனார் என்று சுலோச்சனா கேட்டாள்.

"கடப்பாறகூட எடுத்துக்கினு போவலம்மா. தட்டு மட்டும் எடுத்துக்கினு போச்சு. ஓரத்துல கயிறு கோக்க ஓட்ட போட்ட அலுமினியத் தட்டு. ஆளும் வரல, தட்டும் வரல."

கன்னியப்பன் அதைக் கேட்டதும் வாயை இறுக மூடிக்கொண்டான். அவன் வாய் மூடியிருந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். சுலோச்சனாவும் அதைக் கவனித்தாள், ஆனால் அங்கே வைத்து எதுவும் கேட்கவில்லை.

இப்போது ஏகாம்பரத்தின் வீட்டில் காப்பி வந்தது. அவர் மனைவி தாயாரம்மாள் சுலோச்சனாவுக்குப் பித்தளை டம்ளரை நீட்டினாள். கன்னியப்பனிடம், தம்பிக்கு எந்த ஊர் என்று ஏகாம்பரம் விசாரித்தார். கூரம் என்றான். கூரத்தில் எந்தப் பக்கம் என்றார். "பஸ்சு நிக்கிற பக்கம் சார்," என்று கன்னியப்பன் பணிவாகச் சொன்னான். ஏகாம்பரத்துக்குப் புரிந்துவிட்டது. கன்னியப்பனுக்குக் கண்ணாடி கிளாஸில் காப்பி வந்தது, குடித்துவிட்டுத் தூணோரம் வைத்துவிடச் சொன்னார்கள்.

"பரவால்ல மேடம்," என்று பிறகு அவளிடம் முணுமுணுத்தான். "எங்க அப்பனுக்குக் கொட்டாங்குச்சி. எனக்குக் கிளாஸு. இத்தயும் முன்னேற்றம்னு ரிப்போர்ட்ல எழுதிக்கலாம்."

ஏகாம்பரத்தின் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை திரௌபதி அம்மன் கோயில் தீமிதி, அதில் முதலில் இறங்குபவர் அவர். காப்பு கட்டினால் எவ்வளவு சுத்தபத்தமாக இருக்க வேண்டும் என்பதை அவர் விரிவாக விளக்கினார். சுலோச்சனா மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அங்கே கழுவிய பாத்திரங்கள் வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவள் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். விறகடுப்பு இப்போது உண்டா என்று தாயாரம்மாளிடம் கேட்டாள். அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலேயே வந்த ஏகாம்பரம், அந்தச் சனியனை இடித்துத் தள்ளி ஒரு வருஷம் ஆகிறது, ஊரில் ஒரு வீட்டிலும் புகையே கிடையாது என்றார். அப்போது கோயில் ஆள் ஒருவர் வாசலில் வந்து கூப்பிட்டதால் தீமிதிக் கட்டை விஷயமாக அவர் முன்பக்கம் போக வேண்டியதாயிற்று. தாயாரம்மாளும் உள்ளே போனாள்.

"கன்னியப்பா, அந்தச் சோத்துப் பானையோட அடியைப் பாரு," என்றாள் சுலோச்சனா.

பார்த்தான். அடியில் களிமண் பூசிக் காய்ந்திருந்தது. சந்தேகப்படுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்று முதலில் நினைத்தான். எல்லார் வீட்டிலும் பூசுவதுதான். விறகில் வைத்தால் பானையில் கரி ஏறும், மண் பூசி வைத்தால் கரி மண்ணில் ஒட்டும், தேய்க்கச் சுலபம். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. நீலச் சுடரில் கரியே ஏறாது. கரி ஏறாத பானைக்கு எதற்கு மண் பூச வேண்டும்.

"அடுப்பு வந்தவங்களுக்கு எரியுது, சோறு வெறகுல வேவுது," என்றான். "அப்ப அந்தச் சுடரு எங்கேருந்து வருது மேடம்?"

"குழாயக் கேளு."

குழாய் சமையலறைச் சுவரைத் துளைத்து வெளியே வந்து, குழி இருக்கும் தோட்டத்துப் பக்கம் திரும்பாமல் மாட்டுக் கொட்டாய்க்குள் நுழைந்தது. காலனிக்குப் போக வேண்டிய இன்னொரு குழாய் வேலியோரம் வரை போய், அங்கே மரக்கட்டை அடித்து மூடப்பட்டிருந்தது. காலனிப் பெண்கள் ஒரு வருஷமாகக் கூடை கூடையாகச் சாணி சுமந்து கொட்டியதற்கு அவர்களுக்குக் கிடைத்தது அந்த மரக்கட்டைதான்.

கொட்டாய்க்குள் வைக்கோலைத் தள்ளி, அதற்கடியில் கிடந்த சாக்குகளைக் கன்னியப்பன் தூக்கினான். "மேடம், இந்த மாடு செவப்பா உருண்டையா கீது. கொம்பு இல்ல, வாலு இல்ல, தலையில திருகு மட்டும் கீது," என்றான். பட்டணத்துச் சமையலறைகளில் இருக்கும் கேஸ் சிலிண்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இந்த ஆள் வைக்கோலில் மறைத்திருந்தார்.

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, கிளம்பலாம் என்றான். சுலோச்சனாவின் முகம் மலரவில்லை. இது அறக்கட்டளையை ஏமாற்றியதற்கு ஆதாரம், அவ்வளவுதான் என்றாள். திட்டத்தை ரத்து செய்வார்கள், ஏகாம்பரம் ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிப் போடுவார். செங்கேணி புருஷன் அப்போதும் திருடன்தான்.

அவள் சொல்வது சரி என்று பட்டதும் கன்னியப்பனுக்கு நாக்கு கசந்தது. சாக்கை மறுபடி போர்த்திவிட்டு நிமிர்ந்தவன், அப்படியே நின்றுவிட்டான். கூரை சாய்ந்து இறங்கும் இறவாணத்தில், பனையோலைக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தட்டு செருகியிருந்தது. ஓரத்தில் ஓட்டை, அதில் ஒரு முழக் கயிறு. உள்ளே கேழ்வரகுக் கூழ் காய்ந்து வெடித்திருந்தது, சிலந்தி அதன்மேல் கூடு கட்டியிருந்தது.

கை தானாக உயர்ந்தது. சுலோச்சனா சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது அங்கேயே இருக்கட்டும். காலையிலயே ஏதோ சொல்ல வந்து முழுங்கினே. இப்ப சொல்லு."

கன்னியப்பன் சொன்னான். ஊர்க்காரர் வீட்டுக்கு வேலைக்குப் போகும் காலனி ஆள் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த வீட்டுப் பாத்திரத்தில் அவனுக்குப் போட மாட்டார்கள். தூக்கி ஊற்றும் கூழைத் தன் தட்டில் வாங்கி, கொட்டாயோரம் குந்தித் தின்றுவிட்டு, இறவாணத்தில் செருகிவிட்டு வேலைக்கு இறங்குவான். சாயங்காலம் போகும்போது எடுத்துக்கொண்டு போவான். அவனுடைய அப்பாவும் அப்படித்தான் தட்டு தூக்கிக்கொண்டு போனார். அதைச் சொல்லும்போது கன்னியப்பனுக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

"ராத்திரி திருடப் போறவன் சாப்பாட்டுத் தட்டு எடுத்துக்கிட்டுப் போக மாட்டான். திருடனுக்கு யாரும் கூழ் ஊத்தவும் மாட்டாங்க," என்றாள் சுலோச்சனா. "ஆனா செத்தவன் இடுப்புல வால்வைச் செருகற அளவுக்கு யோசிச்ச மனுஷன், இதை ஏன் ஒரு மாசமா இங்கேயே விட்டு வெச்சான்?"

"எடுக்க ஆளு வேணுமே மேடம். இவங்க வூட்ல யாரும் அதத் தொட மாட்டாங்க. காலனி ஆள வுட்டு எடுக்கச் சொன்னா, அவன் பாத்தவொடனே யாரு தட்டுன்னு கண்டுக்குவான். அதவுடுங்க. இவங்க கண்ணுக்கு இது தட்டாவே தெரிஞ்சிருக்காது. கூரையில ஒரு ஓல, அவ்ளோதான்."

சுலோச்சனா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். யோசிக்கிறாள் என்று அர்த்தம். ஓட்டை போட்ட தட்டு ஊரெல்லாம் இருக்கும், எடுத்துக் காட்டினால் எனக்குத் தெரியாது என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டுப் போய்விடுவான் என்றாள். பிறகு, சாலவாக்கம் போய் சப்-இன்ஸ்பெக்டரை அழைத்து வரும்படியும், வழியில் செங்கேணியைக் கொல்லைப்புறமாக வரச் சொல்லும்படியும் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் முத்துவேல் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். பெருமாள் திருடன் என்று எழுதியவர் அவர்தான். பட்டணத்து அம்மா மாவட்ட எஸ்.பி.க்குக் கடிதம் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார் என்று கன்னியப்பன் வாய்க்கு வந்ததைச் சொன்னதும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் தொற்றினார். அவர்கள் வந்து சேர்ந்தபோது கொல்லையில் கமிட்டிக்காரர்கள், கோயில் ஆட்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. திட்டம் விரிவடையப் போவதைத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சுலோச்சனா ஆள் சேர்த்திருந்தாள். ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். செங்கேணி மாடு கட்டும் கம்பத்தருகே வந்து ஒதுங்கி நின்றதும் அவர் முகம் சுளித்தது.

"ஒரே ஒரு சந்தேகம்தான் சார்," என்றாள் சுலோச்சனா. "அதோ இறவாணத்துல ஒரு தட்டு இருக்கே, அது யாருது?"

ஏகாம்பரம் அண்ணாந்து பார்த்தார். ஒரு மாதமாக அதன் கீழே போய் வந்தவர் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார் என்பது கன்னியப்பனுக்கு நன்றாகவே தெரிந்தது. அவர் முகம் ஒரு கணம் சுண்டியது. உடனே சமாளித்துக்கொண்டு, அது மாட்டுக்குத் தவிடு வைக்கிற தட்டு, எங்கள் வீட்டுடையதுதான் என்றார்.

அது எங்கள் வீட்டுத் தட்டு என்றாள் செங்கேணி. ஊரில் ஓட்டை போட்ட தட்டெல்லாம் உன்னுடையதா என்று ஏகாம்பரம் அவளை அதட்டினார். சப்-இன்ஸ்பெக்டரும், அதானே, இதற்கா என்னை அழைத்து வந்தீர்கள் என்பது போலக் கன்னியப்பனை முறைத்தார்.

"உங்களுதுன்னா சரி," என்றாள் சுலோச்சனா. "எனக்கு எட்டல. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

ஏகாம்பரத்தின் வலது கையில் இருந்த மஞ்சள் காப்பை ஊரே பார்த்தது. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பின் சிரித்தார். இறவாணத்தை நோக்கி நடந்தார்.

கன்னியப்பன் ஓர் அடி முன்னால் வந்தான். தொட்டுவிடுவான் போலிருக்கிறதே. ஓர் உயிரை விழுங்கிவிட்டு நிற்பவனுக்கு ஒரு தட்டைத் தொட்டுவிட்டுத் தலை முழுகுவதா பெரிய விஷயம். மேடம் கணக்கு தப்பிவிட்டது என்று அவன் நினைத்த அதே நேரத்தில் ஏகாம்பரத்தின் விரல்கள் கயிற்றின் அருகே போய்விட்டன.

"ஐயோ, தொடாதீங்க." சமையலறை வாசலிலிருந்து தாயாரம்மாள் ஓடி வந்தாள். "காப்பு கட்டிக்கினு பெருமாள் தின்ன தட்டத் தொடுவாங்களா யாராச்சும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏகாம்பரத்தின் கை உயர்ந்தபடியே நின்றது.

"எப்பம்மா தின்னாரு?" என்று சுலோச்சனா அவளிடம் மெதுவாகக் கேட்டாள். தாயாரம்மாள் புருஷனைப் பார்த்தாள், செங்கேணியைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழகாத பெண். அன்று காலையில்தான், குழிக்குப் போவதற்கு முன்னால், தன் கையால்தான் கூழ் ஊற்றினேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஏகாம்பரம் கெட்டிக்காரர், ஒரு மாதம் ஓட்டிவிட்டார். இப்போதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. சப்-இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, கூப்பிட்டது உண்மைதான், அது ஒரு விபத்து என்று ஆரம்பித்தார். குழியில் சாணி மேலே பாலேடு மாதிரி ஆடை கட்டி அடுப்பு எரியாமல் போய்விட்டது. அதைக் குத்தி விடத்தான் அவனை இறக்கினேன். இறங்கியவன் சரிந்துவிட்டான். பயத்தில் புத்தி கெட்டு வால்வைச் செருகிவிட்டேன். சாணியில் சாவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், நாம் தினம் வாசல் தெளிக்கிற சாணிதானே, அதில் ஒரு பயமும் இல்லை என்றுதான் நினைத்தேன். இவ்வளவையும் அழாக்குறையாகச் சொன்னார்.

முத்துவேல் தொண்டையைக் கனைத்தார். தெரியாமல் நடந்தது என்றால் கவனக்குறைவு என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கன்னியப்பனுக்குத் தெரியும். ஏகாம்பரம் ஜாமீனில் வந்து வெள்ளிக்கிழமை தீமிதிப்பார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. சுலோச்சனாவின் உதடுகளும் வெளுத்திருந்தன.

அப்போது செங்கேணி கம்பத்தை விட்டு நகர்ந்தாள்.

"உனுக்குத் தெரியாதா?" என்றாள். ஆண்டே என்று அவள் சொல்லவில்லை. அந்த ஊரில் காலனிப் பெண் ஒருத்தி அவரை நீ என்று கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "வெறும் சாணின்றியே. அப்ப நீ எறங்கு. வா."

தோட்டத்துப் பக்கம் அவள் முன்னால் நடந்தாள். கூட்டம் ஏகாம்பரத்தைச் சுற்றிக்கொண்டே பின்னால் போனது, நடுவில் சிக்கியவருக்கு நடக்காமல் இருக்க முடியவில்லை. கன்னியப்பன் ஓடிப்போய்க் குழியின் இரும்பு மூடியைப் புரட்டித் தள்ளினான். இருட்டான வாயிலிருந்து அழுகல் வாடை கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

"எறங்கு," என்றாள் செங்கேணி. "நெருப்புல எறங்கறவன்தானே நீ. சாணி இன்னா பண்ணிடும்?"

ஏகாம்பரம் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் எங்கேயோ பார்த்தார். சுலோச்சனாவைப் பார்த்தார். "ஒரு பயமும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் அவள். ஆனால் அவர் விழுந்துவிடாதபடி அவள் ஏகாம்பரத்தின் தோளில் கிடந்த துண்டின் இரு முனைகளையும் பின்னாலிருந்து கெட்டியாக முறுக்கிப் பிடித்திருந்ததைக் கன்னியப்பன் கவனித்தான். நானாக இருந்தால் பிடித்திருக்க மாட்டேன் என்று நினைத்தான்.

"வாங்க சார், நான் கை குடுக்கறேன்," என்றான். "கூரம் காலனிக் கை. பரவால்லையா?" பதிலுக்குக் காத்திராமல் ஐந்து விரலும் பதிய அவர் தோளைப் பிடித்தான்.

ஏகாம்பரம் உதறினார். உதறிய வேகத்தில் ஒரு கால் குழியின் விளிம்புக்குப் போனது, செங்கல் தூள் உதிர்ந்து உள்ளே விழுந்தது. அவர் அலறிவிட்டார்.

"வுடுறா, எறங்கினா ஒரே மூச்சுல செத்துடுவேன். குழி கட்டின இஞ்சினீரு அப்பவே சொன்னாரு."

அதன் பிறகு வாயை மூடி என்ன பயன். இன்ஜினீயர் என்ன சொன்னார் என்று சுலோச்சனா கேட்டாள். ஏகாம்பரம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மூடியைத் திறந்து போட்டு நாள் கணக்கில் காற்றாட விட வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். ஆளை இறக்குவதற்கு முன்னால் கூண்டில் ஒரு கோழியை விட்டு இறக்கிப் பார்க்க வேண்டும், கோழி பிழைத்தால்தான் ஆள் இறங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாராம். மறுநாள் தில்லிக்காரர்கள் வருகிறார்கள், அடுப்பு எரியவில்லை, காற்றாட விட நேரமில்லை என்றார். சிலிண்டர் அதற்குப் பிறகு, அன்று ராத்திரிதான் வந்தது. முத்துவேல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார், இம்முறை கவனக்குறைவு என்ற பேச்சே இல்லை.

செங்கேணி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "எங்க வூட்டு ஆளு திருடனா?"

"இல்ல."

"ஊருக்குக் கேக்கல."

"இல்ல. பெருமாள் திருடன் இல்ல. நான்தான் எறக்கினேன்." குரல் உடைந்தாலும் வேலிக்கு அப்பால் கூடியிருந்த காலனிக்காரர்கள் வரைக்கும் கேட்டது.

அவள் அதோடு விடவில்லை. தோட்டம் முழுக்க ஏகாம்பரத்தின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கையால் காட்டினாள்.

"இத்தினி கோழி கீதே. ஒண்ண ஏன் எறக்கிப் பாக்கல?"

கூட்டத்தில் இருந்த யாரும் தலை நிமிரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கச் சொல்லித் தோளைத் தட்டினார். ஏகாம்பரம் எழுந்திருக்காமல், எங்காவது ஒரு பிடி கிடைத்தால் போதும் என்பது போல முழங்காலால் நகர்ந்து வந்து, காப்பு கட்டிய கையைச் செங்கேணியின் கால்களை நோக்கி நீட்டினார்.

செங்கேணி புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"தொடாத," என்றாள்.